ஓடும் என்று எழுதியிருந்தது

ஓல்டன் ப்ரோக்கியில், பனிச்சறுக்குக் காலணிகளுக்கும்
யாரோ விட்டுப்போன ஃபொண்டூ சட்டிக்கும் நடுவில்
முப்பத்தைந்து ஃப்ராங்க்.
பெட்டி மேல் பென்சிலால், ஜெர்மனில், ஒரே சொல்:
ஓடும்.
எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை.

எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஓடியது.
குசினி மேசையில், வட்டத் தண்டவாளத்தில்,
உப்புப் போத்தலைச் சுற்றி இரண்டே கால் சுற்று.
பிறகு முனகியது. பிறகு மணத்தது.
வெங்காயம் தீய்ந்த மணமில்லை,
செம்புக் கம்பி மேல் பூசிய வார்னிஷ்
இளகி எழும் அந்தக் கசந்த இனிப்பு.
பச்சைக் கூரையில் கையை வைத்தேன். எடுத்தேன்.
விரல் ரேகை ஒரு நொடி ஈரமாய் இருந்து
காய்ந்தது.

பகலில் நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்.
விரிப்புகளை நீட்டி அழுத்தும் உருளைகள் எட்டு.
சூடு என்றால் என்னவென்று
யாரும் எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அங்கே மின்வேலை பார்க்கும் பெக்கிம்
எஞ்சினைப் பார்க்காமலே சொன்னான்:
மோட்டார் செத்துவிட்டது, புதிது எண்பது ஃப்ராங்க்.
மீட்டரைத் தா, திங்கள் தருகிறேன் என்றேன்.
சுருள்கள் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன்.
நாலு புள்ளி ஒன்று.
நாலு புள்ளி ஒன்று.
மூன்று புள்ளி ஏழு.
மூன்றாவது சுடுபட்டிருக்கிறது. சாகவில்லை.

புருவம் பிடுங்கும் இடுக்கி, லைட்டர் பெட்ரோல்,
பல்குத்தும் குச்சி, பழைய டூத்பிரஷ்.
அடிப்பாகத்தைக் கழற்றினேன்.
எண்ணெய் என்று எப்போதோ ஊற்றியது
பலாப்பால் போல் பற்சக்கரங்களில் உறைந்திருந்தது.
அச்சுத்தண்டில், அதோ,
நூல்.

எங்கள் நாலாம் உருளையிலும் இப்படித்தான்.
தலையணை உறையின் ஓரம் எங்கோ பிரிந்து
கண்ணில் படாமல் சுற்றிச் சுற்றித் தண்டை இறுக்கும்.
மோட்டாருக்கு என்ன தெரியும், இழுக்கச் சொன்னால் இழுக்கும்.
சுழல வழியில்லாத மின்சாரம்
சூடாகத்தானே போக வேண்டும்.
மேலாளர் ஒவ்வொரு முறையும் மோட்டாரைத்தான் மாற்றுவார்.

பிரித்தேன். ஒரு மணி நேரம்.
சிவப்புக் கம்பள இழை, என் முழங்கை நீளம்.
நாயோ பூனையோ, வெள்ளை மயிர்.
கிறிஸ்துமஸ் மரத்து வெள்ளித் துணுக்கு.
நரைத்த தலைமயிர் ஒன்று, மிக நீளம்:
தரையில் கன்னம் வைத்துப் படுத்து
எஞ்சின் தன்னை நோக்கி வருவதைப் பார்த்த ஒருத்தியுடையதாய் இருக்கலாம்.
அல்லது வெறுமனே உதிர்ந்தது.
எல்லாவற்றையும் ஒரு சாஸரில் வைத்தேன்.
குப்பையில் போட ஏனோ இரண்டு நாள் ஆயிற்று.

புதிய கரித்துண்டுகள்: நாலு ஃப்ராங்க் இருபது.

நேற்று இரவு பத்து ஐந்துக்குப் போட்டேன்.
உப்புப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், மறுபடி உப்பு.
ஏழாவது சுற்றில் கதவைத் தட்டினார்கள்.
கீழ்வீட்டு ஹெஃப்லிகர் அம்மா, இரவு அங்கியில்:
பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது.
தெரியும், மன்னியுங்கள் என்றேன்.
அவர் போகவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்தார்
ஒரு முழுச் சுற்று.
பிறகு இன்னொன்று.
பத்து மணிக்குப் பிறகு, என்றார் மறுபடி,
குரலைத் தாழ்த்தி,
அதற்குக் கேட்கக் கூடாது என்பதுபோல்.

நிறுத்தினேன். கூரையைத் தொட்டேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இல்லை,
இஸ்திரிப்பெட்டியைப் பார்ப்பதுபோல், விரலை நாக்கில் நனைத்து.
சீறவில்லை.
இளஞ்சூடு. அந்த மூன்றாவது சுருள்.
அது இனி அப்படித்தான் இருக்கும்.

பெட்டியில் வைத்து, பென்சிலை எடுத்து,
அந்த ஒரு சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதினேன்:
பத்துச் சுற்று. பிறகு ஆற விடவும்.